மேடையில் தெரியாத எடை

மார்ச் 8

பாப்பாவின் அப்பாவுக்கு,

போனில் பேசினால் நான் கத்துவேன். இந்தத் தனி அறை பத்தடிக்குப் பத்தடி. கத்தினால் பாப்பா காதில்தான் விழும். அதனால் எழுதுகிறேன். பாசத்தில் எழுதுவதாக நினைத்துக்கொள்ள வேண்டாம்.

உங்கள் அக்கா தினமும் சாயங்காலம் தேய்த்த துணிகள் வைத்த பையைக் கொண்டுவரும்போது இதைக் கொடுத்தனுப்புவேன். நீங்கள் எழுதினால் பிளாஸ்டிக் உறையில் போட்டு அனுப்புங்கள். வாசலிலேயே ஸ்பிரிட்டால் துடைத்துத்தான் உள்ளே தருவார்கள். காகிதத்துக்கே இவ்வளவு காவல். நீங்கள் என்னடாவென்றால் முதுகு முழுக்க அக்கியோடு சட்டையை மாட்டிக்கொண்டு, ஒன்றுமே தெரியாத மாதிரி உள்ளே வந்து அவளை மடியில் தூக்கி வைத்துக்கொண்டீர்கள். ஆறு வயதுப் பிள்ளை. மாதாமாதம் யார் யார் ரத்தத்தையோ ஏற்றி ஏற்றி வளர்ந்த பிள்ளை. பழைய மஜ்ஜையை மருந்து கொடுத்து அழித்துவிட்டு, உங்கள் ஸ்டெம் செல்லை ஏற்றி இன்றோடு எட்டு நாள். இப்போது அவள் உடம்பில் எதிர்ப்பு என்று ஒரு துளி கிடையாது. குனிந்தபோது சட்டை தூக்கி, கொப்புளத்தைச் சிஸ்டர் பார்க்காமல் போயிருந்தால்? "உங்களுக்கெல்லாம் அறிவே கிடையாதா" என்று நான் கேட்டது தப்பே இல்லை. இன்னும் நாலு கேள்வி கேட்டிருக்க வேண்டும்.

தினமும் எடை எழுது என்று கண்ணாடிக்கு வெளியே நின்று விரலால் காட்டிவிட்டுப் போனீர்கள். எழுதுகிறேன். இன்று 17.2. எடை பார்ப்பது காலை ஐந்தரைக்கு. வாயெல்லாம் புண், தொண்டையெல்லாம் புண், இரவெல்லாம் முனகிவிட்டு அப்போதுதான் கண் அசருவாள். எழுப்பி, மூன்று குழாயோடு தராசில் நிறுத்துவார்கள். கால் நடுங்கும். இன்று அழுத அழுகையில் உதட்டுப் புண் கிழிந்து ரத்தம். எடை பார்க்கிற சிஸ்டர் பாவம், அவளும் அழுதாள். மெல்லிய குரலில் கீச்சுக்கீச்சென்று பேசுவதால் பாப்பா அவளுக்குக் 'குருவி' என்று பேர் வைத்திருக்கிறாள்.

மருந்து போட்டுக்கொள்ளுங்கள். முழுசாகக் காயும்வரை இந்தப் பக்கம் வராதீர்கள்.

— பாப்பாவின் அம்மா

*

மார்ச் 9

பாப்பாவின் அம்மாவுக்கு,

அக்கி என்று தெரிந்தே வந்தேன் என்று யார் சொன்னது? லாரி எடை மேடையில் நாள் முழுக்கத் தகரக் கொட்டகைக்குள் உட்கார்ந்திருக்கிறேன். வேர்க்குரு என்று நினைத்தேன். பாப்பாவைப் பார்த்துப் பதினோரு நாள் ஆகிவிட்டது என்று ஓடி வந்தேன். அதற்கு நீ கொடுத்த மரியாதை! இரண்டு டாக்டர், நாலு சிஸ்டர், தரை துடைக்கிற அம்மா, எல்லோர் முன்னாலும் "அறிவே கிடையாதா" என்று கேட்டாய். பாப்பா என் மடியில் இருந்தபடி என் முகத்தையே பார்த்தாள். அதை நீ பார்க்கவில்லை.

என் உடம்பிலிருந்து எடுத்ததைத்தானே அவள் உடம்பில் ஏற்றியிருக்கிறார்கள்? கையில் ஊசி குத்தி ஐந்து மணி நேரம் அசையாமல் படுத்திருந்தேன். அப்போது மட்டும் எனக்கு அறிவு இருந்ததா?

நேற்று உன் கடிதத்தைப் படித்துவிட்டுச் சரக்கு லாரி ஒன்றுக்கு வெறும் வண்டி எடையையும் சுமை எடையையும் மாற்றி எழுதிவிட்டேன். பதினாலு வருஷத்தில் முதல் தடவை. உன் எழுத்தைப் பார்த்தாலே ரத்தம் கொதிக்கிறது. கொஞ்ச நாள் என்னைச் சும்மா விடு.

— அவளுடைய அப்பா

*

மார்ச் 10

பாப்பாவின் அப்பாவுக்கு,

உங்களைச் சும்மா விட எனக்கும் ஆசைதான். எடை எழுதச் சொன்னது நீங்கள்.

நேற்று 17.2. இன்றும் 17.2.

வாய்ப்புண்ணால் ஒரு வாய் கஞ்சிகூட இறங்கவில்லை. எல்லாம் நரம்பு வழியாகத்தான். ஆனாலும் கன்னம் கொஞ்சம் பூசினாற்போல இருக்கிறது. "இடுப்பு இறுக்குதும்மா" என்றாள். பைஜாமா எலாஸ்டிக் வயிற்றில் வரி வரியாகப் பதிந்திருந்தது. தைக்கிறவளுக்கு இதெல்லாம் ஒரு வேலையா? ஊசியை உள்ளே விடமாட்டார்கள் என்பதால் நகத்தாலேயே தையலைப் பிரித்து இரண்டு இஞ்ச் தளர்த்திவிட்டேன். நிம்மதியாகத் தூங்கினாள்.

இரண்டு நாளாகக் காலையிலும் நல்ல தூக்கம்.

— அம்மா

*

மார்ச் 11

பாப்பாவின் அப்பாவுக்கு,

பதில் இல்லை. ரோஷம் போலிருக்கிறது. சந்தோஷம்.

எடை 17.2.

நேற்று ரத்தத்தை உறையவைக்கிற தட்டணு ஏற்றினார்கள். எண்ணிக்கை ஏறவே இல்லை. இன்று திரும்ப ஏற்றினார்கள். ஊற்றினது எங்கே போகிறது என்றே தெரியவில்லை என்று சின்ன டாக்டர் முணுமுணுத்தார். வலது விலாவுக்குக் கீழே வலிக்கிறது என்று பாப்பா கையை வைத்துக் காட்டினாள். பெரிய டாக்டர் வந்து அமுக்கிப் பார்த்தார், கண்ணை இழுத்துப் பார்த்தார். "கண்ணு வெள்ளையாத்தான் இருக்கு, ரத்தத்துலயும் மஞ்சள் ஏறல. எடையும் அப்படியே நிக்குது. புண் இருக்கறதால காத்த முழுங்குறா, அதான் வயிறு உப்பல்" என்றார். போய்விட்டார்.

பாப்பா உங்களுக்கு ஒன்று எழுதச் சொன்னாள். சொன்னபடியே எழுதுகிறேன்: "அப்பா, நான் குண்டாயிட்டேன். இப்ப உங்க மேடைல ஏறி நின்னா நம்பர் வருமா?"

போன வருஷம் உங்கள் மேடையில் அவளை நிறுத்தி, அது பூஜ்யம் காட்டியதும் "அப்ப நான் இல்லையா"ன்னு ஊரைக் கூட்டினாளே, அதை இன்னும் மறக்கவில்லை. ஐம்பது கிலோவுக்குக் கீழே அந்தக் கிழட்டு மேடைக்குக் கண் தெரியாது என்று நீங்கள் எத்தனை தடவை சொன்னீர்கள்! கேட்டால்தானே.

என் மேல் கோபம் என்றால் அவளுக்காவது பதில் எழுதுங்கள்.

— அம்மா

*

மார்ச் 12, மாலை

பாப்பாவின் அம்மாவுக்கு,

இன்று மதியம் உன் கடிதங்களைப் படித்தேன். மூன்று மணிக்கு வார்டுக்குப் போன் செய்து கத்தினது நான்தான். பெரிய டாக்டரைக் கூப்பிடாவிட்டால் நேரில் வந்து வாசலில் படுத்துவிடுவேன் என்று சொன்னதும் நான்தான்.

17.2, 17.2, 17.2, 17.2. யாருக்குக் காது குத்துகிறார்கள்? பதினாலு வருஷமாக நான் பார்க்கிற வேலை அது. ஒரே லாரி, ஒரே டிரைவர், காலையும் மாலையும் ஏறினாலே எடை மாறும். டீசல் குறையும், டயரில் சேறு ஒட்டும். நாலு தடவை ஒரே எண் வந்தால் அந்த வண்டி மேடையில் ஏறவே இல்லை என்று அர்த்தம். பழைய சீட்டைப் பார்த்து எழுதியிருக்கிறான் என்று அர்த்தம். லாரிக்கே அப்படியென்றால், குழாய் வழியாக நாள் முழுக்கத் தண்ணீர் ஏறி இறங்குகிற பிள்ளைக்கு?

ஒரு வாய் கஞ்சி இறங்கவில்லை என்கிறாய். கன்னம் பூசினாற்போல இருக்கிறது என்கிறாய். இடுப்பு இறுக்குகிறது என்கிறாய். மணல் லாரிக்காரன் எடை கூட்ட என்ன செய்வான் தெரியுமா? தண்ணீர் ஊற்றிக்கொண்டு வருவான். சரக்கு ஏறாமல் எடை ஏறினால் அது தண்ணீர்தான். இது எடை மேடைக்காரனுக்குத் தெரிகிறது, கோட்டு போட்ட டாக்டருக்குத் தெரியவில்லையா? "இப்பவே தராசுல நிறுத்துங்க, நான் லைன்லயே இருக்கேன்" என்றேன். பதினைந்து நிமிஷம் கழித்து யாரோ ஒரு சிஸ்டர் வந்து "பதினெட்டு ஏழு சார்" என்று சொன்னாள்.

ஒன்றரைக் கிலோ! ஒன்றரைக் கிலோ தண்ணீரைப் பிள்ளை வயிற்றில் சுமந்துகொண்டிருக்கிறாள், எல்லோரும் கண் மஞ்சளாகிறதா என்று பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்!

என்ன ஆயிற்று என்று உடனே எழுது. போனை எடுக்க மாட்டேன் என்கிறாயே, எடுத்தால் என்ன?

*

மார்ச் 13

பாப்பாவின் அப்பாவுக்கு,

போனை எடுக்க எனக்குக் கை இல்லை. ஒரு கை அவள் தலைமேல், ஒரு கை வாந்திப் பாத்திரத்தில்.

நேற்று நீங்கள் போனை வைத்த அரை மணியில் ஸ்கேன் மிஷினை அறைக்கே உருட்டிக்கொண்டு வந்தார்கள். வயிற்றில் பசையைத் தடவி அழுத்தினார்கள். வீல் என்று கத்தினாள். திரையில் சிவப்பும் நீலமுமாக ஓடியது. ஸ்கேன் பார்த்த அம்மா இன்னொரு தடவை அழுத்திப் பார்த்தார். கல்லீரலுக்குள் போக வேண்டிய ரத்தம் உள்ளே நுழைய முடியாமல் திரும்பி ஓடுகிறதாம். கல்லீரல் நாலு விரற்கடை இறங்கியிருக்கிறது. வயிற்றில் தண்ணீர் கட்டியிருக்கிறது.

பெரிய டாக்டர் என்னை வெளியே கூப்பிட்டுச் சொன்னார்: கல்லீரலுக்குள் இருக்கிற பொடிப்பொடி ரத்தக் குழாய்கள் அடைத்துக்கொண்டுவிட்டனவாம். மஜ்ஜை மாற்று செய்த பிள்ளைகளில் சிலருக்கு இரண்டு மூன்று வாரத்துக்குள் வருமாம். "பெரியவங்களுக்குன்னா கண்ணு மஞ்சளாகும். பிள்ளைங்களுக்கு மஞ்சளே இல்லாமயும் வரும். தட்டணு நிக்காம போறது, எடை ஏறுறது, விலா வலி, இதுங்கதான் முதல்ல சொல்லும். எனக்கு அது தெரியும்மா. எடை ஏறலன்னு சார்ட் சொல்லுச்சு. அதனால வேற பக்கம் தேடிக்கிட்டிருந்தேன்" என்றார். அவர் முகத்தைப் பார்க்க என்னால் முடியவில்லை.

ஆறு மணி நேரத்துக்கு ஒரு தடவை நரம்பில் ஏற்றுகிற ஒரு மருந்து ஆரம்பித்திருக்கிறார்கள். இருபத்தொரு நாள். தண்ணீரைச் சொட்டு சொட்டாக அளந்து தருகிறார்கள். தாகம் என்று அழுகிறாள். ஈரப் பஞ்சால் உதட்டை நனைக்கிறேன். அதுவும் கணக்கில் சேரும் என்கிறார்கள். நேற்று முன்தினமே ஆரம்பித்திருந்தால் இன்னும் நன்றாக இருந்திருக்கும் என்று சின்ன டாக்டர் வாய் தவறிச் சொல்லிவிட்டார். இரண்டு நாளில் தெரியும் என்கிறார்கள். என்ன தெரியும் என்று நான் கேட்கவில்லை.

எடை 18.8.

*

மார்ச் 15

பாப்பாவின் அம்மாவுக்கு,

அக்கா வந்து, பாப்பா கண் திறந்து பார்த்தாள் என்று சொன்னாள். மூச்சு வாங்குகிறதாம். ஆக்ஸிஜன் வைத்திருக்கிறார்களாம். இதையெல்லாம் நீ எழுத மாட்டாய். அக்கா சொல்லித்தான் எனக்குத் தெரிய வேண்டும்.

நான் சும்மா இல்லை. நாலு பக்கத்துக்குப் புகார் எழுதி வைத்திருக்கிறேன். எடை பார்க்காமலே மூன்று நாள் எண்ணைக் காப்பி அடித்தவள் உன் குருவி சிஸ்டர்தானே? அவளும் அழுதாளாம், பாவமாம்! அழுகிற கண்ணுக்குத் தராசு தெரியாதா? என் மேடையில் ஒரு தடவை அப்படி எழுதியிருந்தால் அன்றைக்கே என்னை வெளியே தள்ளியிருப்பார்கள். அவள் சீருடை இனி எந்த ஆஸ்பத்திரி வாசலிலும் ஏறக் கூடாது. இருபதாம் தேதி நிர்வாகியைப் பார்க்க நேரம் வாங்கியிருக்கிறேன். கையில் கொடுத்துவிட்டுத்தான் வருவேன்.

இன்னொன்று. இதை டாக்டரிடம் கேட்டு எழுது. என் செல்லை ஏற்றியதால்தான் அவள் கல்லீரல் இப்படி ஆயிற்றா? பாதிப் பொருத்தம்தான் என்று அன்றைக்கே சொன்னார்கள். பொருந்தாத பாதி போய் அடைத்துக்கொண்டதா? மூன்று நாளாகச் சோறு இறங்கவில்லை. கேட்டு எழுது.

*

மார்ச் 17

பாப்பாவின் அப்பாவுக்கு,

அந்தப் புகாரைக் கொடுக்காதீர்கள். ஏன் என்று சொல்கிறேன். உட்கார்ந்துகொண்டு படியுங்கள்.

எடை பார்க்க வேண்டாம் என்று குருவியிடம் சொன்னது நான்.

ஒன்பதாம் தேதி காலை ஐந்தரைக்குத் தராசைத் தள்ளிக்கொண்டு வந்தாள். பாப்பா அப்போதுதான் தூங்கியிருந்தாள். "இன்னிக்கு ஒரு நாள் விட்டுடு தாயி, நேத்து எடையையே எழுதிக்கோ. நூறு இருநூறு கிராம் மாறினா என்ன குடி முழுகிடப் போகுது"ன்னு கையைப் பிடித்துக் கெஞ்சினேன். மாட்டேன் என்றாள். "உனக்குப் பிள்ளை இருந்தா தெரியும்"னு சொன்னேன். அவளுக்குப் பிள்ளை இல்லை. அது எனக்குத் தெரியும், தெரிந்தேதான் சொன்னேன். அந்த வார்த்தைக்கு அப்புறம் மறுநாளும் அதற்கடுத்த நாளும் அவளே வாசலில் நின்று என் முகத்தைப் பார்த்தாள். நான் தலையாட்டினேன். எழுதிக்கொண்டு போய்விட்டாள். பன்னிரண்டாம் தேதி காலையில் வந்த வேறு சிஸ்டரிடமும் தூங்கட்டும், சாயங்காலம் பாருங்கள் என்று சொல்லிவிட்டேன்; அன்று குருவிக்குச் சாயங்கால வேலை. உங்கள் போன் வந்தபோது தராசில் நிறுத்தினவளும் அவள்தான்.

எலாஸ்டிக்கைத் தளர்த்தியதும் நான்தான். பதினெட்டு வருஷமாக டேப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டிருக்கிறேன். துணி இறுக்கினால் துணியைப் பிரிப்பேன், அதுதான் எனக்குத் தெரியும். சாப்பிடாத பிள்ளைக்கு இடுப்பு எதற்கு இறுக்க வேண்டும் என்று யோசிக்கவில்லை. கன்னம் பூசியிருக்கிறது என்று பூரித்துப்போய் உங்களுக்கு எழுதினேனே, அந்தக் கையை வெட்ட வேண்டும்.

நேற்று பெரிய டாக்டரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் சார்ட்டைத் திறந்து காட்டினார். பன்னிரண்டாம் தேதியே அவள் எழுதியிருக்கிறாள்: 'மார்ச் 9, 10, 11 மூன்று நாளும் நான் எடை பார்க்கவில்லை. முந்தைய எடையை எழுதினேன். தவறு என்னுடையது.' கீழே கையெழுத்து. என் பேச்சே அதில் இல்லை. வார்டிலிருந்து அவளை எடுத்துவிட்டார்கள். விசாரணை நடக்கிறது. "அம்மா சொன்னாங்கன்னு அந்தப் பொண்ணு ஒரு வார்த்தை சொல்லலியே" என்றார் டாக்டர். பாப்பா "குருவி எங்கே" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறாள்.

அக்கியை மறைத்தீர்கள் என்று உங்களை ஊரறியக் கேட்டேன். நான் மறைத்தது அதைவிடப் பெரிது. திட்டுங்கள். ஆனால் அந்தப் பெண்ணை விட்டுவிடுங்கள்.

எடை 18.3. ஆக்ஸிஜனை எடுத்துவிட்டார்கள்.

*

மார்ச் 19

பாப்பாவின் அம்மாவுக்கு,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு மேடைக் கொட்டகையின் நாற்காலியைத் தூக்கி வெளியே வீசினேன். அதன் கால் உடைந்துவிட்டது. நின்றுகொண்டேதான் எழுதுகிறேன்.

நூறு இருநூறு கிராம் மாறினால் என்ன குடி முழுகிவிடும் என்று கேட்டாயா? ஒரு எடை மேடைக்காரன் பெண்டாட்டி கேட்கிற கேள்வியா இது? பன்னிரண்டு வருஷம் என்னோடு குடும்பம் நடத்தினாயே, ராத்திரி சோறு போடும்போது நான் வேறு என்ன பேசியிருக்கிறேன்? எடை பொய் சொல்லாது, எழுதுகிறவன்தான் சொல்லுவான் என்று எத்தனை தடவை சொல்லியிருப்பேன்! "அறிவே கிடையாதா" என்று இப்போது நான் கேட்கட்டுமா? எல்லோர் முன்னாலும் வந்து கேட்கட்டுமா?

இது வரைக்கும் நேற்று எழுதினேன். கிழித்துவிட்டு வேறு எழுதலாம் என்று பார்த்தேன். கிழிக்கவில்லை. அந்தக் கோபம் நிஜம், அது இருக்கட்டும். மீதியை இன்று எழுதுகிறேன்.

பத்தாம் தேதி நீ எழுதினதை அன்று சாயங்காலமே அக்கா கொண்டுவந்து கொடுத்தாள். நான் பிரிக்கவில்லை. பதினோராம் தேதிக் கடிதத்தையும் பிரிக்கவில்லை. இரண்டையும் மேஜை டிராயரில், சீட்டுப் புத்தகத்துக்கு அடியில் தள்ளி வைத்தேன். உனக்கு ஒரு பாடம் கற்பிக்கிறேன் என்று நினைத்தேன். "என்னடா, பிரிக்காம வச்சிருக்க" என்று அக்கா கேட்டாள். "அவ திட்டுறதை நாளைக்குப் படிச்சா கெட்டா போயிடும்"னு சொன்னேன். அப்படியே சொன்னேன்.

பன்னிரண்டாம் தேதி சீட்டுப் புத்தகம் தீர்ந்து புதிது எடுக்கப் போனபோது கையில் பட்டது. பிரித்தேன். எடை வரியிலேயே தெரிந்துவிட்டது. எட்டு, ஒன்பது, பத்து, மூன்று நாள் ஒரே எண். பத்தாம் தேதி சாயங்காலமே படித்திருந்தால் அன்றைக்கே கத்தியிருப்பேன். முழுசாக இரண்டு நாள். சின்ன டாக்டர் வாய் தவறிச் சொன்னாரே, அதே இரண்டு நாள். நீ தராசில் ஏற்றாமல் விட்டாய். நான் எடையைக் கையில் வைத்துக்கொண்டு பார்க்காமல் விட்டேன்.

புகாரைக் கிழித்துவிட்டேன். வேறு ஒன்று எழுதி இதோடு வைத்திருக்கிறேன். ஐந்தே வரி. 'எடை பார்க்க வேண்டாம் என்று பிள்ளையின் தாய் வற்புறுத்தினாள். எடை விவரம் தகப்பனிடம் பத்தாம் தேதியே வந்தும் அவன் படிக்கவில்லை. தவறை ஒத்துக்கொண்ட சிஸ்டரை மட்டும் தண்டிக்க வேண்டாம். இனி எடை பார்க்காத நாளில் பார்க்கவில்லை என்றே எழுதும் வழக்கம் வரட்டும். இது எங்கள் வேண்டுகோள்.' நான் கையெழுத்துப் போட்டுவிட்டேன். பக்கத்தில் உன் இடம் காலியாக இருக்கிறது. இன்றே அக்காவிடம் கொடுத்தனுப்பு. நேரம் வாங்கினதை விடப் போவதில்லை, இதைத்தான் கொடுக்கப் போகிறேன்.

பதினைந்தாம் தேதி நான் கேட்டதற்கு நீ இன்னும் பதில் எழுதவில்லை.

*

மார்ச் 22

பாப்பாவின் அப்பாவுக்கு,

கையெழுத்துப் போட்டு அனுப்பினேனே, கொடுத்துவிட்டீர்களாம், அக்கா சொன்னாள். குருவியை வேலையை விட்டு எடுக்கவில்லை. கீழே புறநோயாளிகள் பிரிவில் போட்டிருக்கிறார்கள். நேற்று கண்ணாடிக்கு வெளியே வந்து நின்றாள். பாப்பா கையாட்டினாள். நான் கும்பிட்டேன். அவள் கும்பிடவில்லை, தலையைக் குனிந்துகொண்டு போய்விட்டாள். அதற்கு அவளுக்கு உரிமை இருக்கிறது.

எடை 17.4. நானே எழுப்பி, நானே தராசில் நிறுத்தி, எண்ணை இரண்டு தடவை வாய்விட்டுப் படித்தேன். என்னை அடித்தாள். அடிக்கட்டும். நேற்று ஸ்கேனில் ரத்தம் நேராக ஓடியது. மருந்து இன்னும் பதினொரு நாள் பாக்கி. முழுசாகத் தப்பிவிட்டாள் என்று டாக்டர் இன்னும் வாயால் சொல்லவில்லை. எலாஸ்டிக் தொளதொளவென்று நழுவுகிறது. மறுபடி பிடித்துத் தைக்க வேண்டும்.

இரண்டு நாள் என் கடிதத்தைப் பிரிக்காமல் வைத்திருந்தீர்கள் என்று படித்தபோது, பக்கத்தில் இருந்திருந்தால் உங்களை என்ன செய்திருப்பேன் என்று எனக்கே தெரியாது. ஒரு நாள் முழுக்க மனசுக்குள் உங்களைத் திட்டித் தீர்த்தேன். அப்புறம் நீங்கள் எழுதின கடைசி வரி கண்ணில் பட்டது.

உங்கள் கேள்விக்குப் பதில் எனக்குப் பதின்மூன்றாம் தேதியே தெரியும். நீங்கள் கேட்பதற்கு முன்பே டாக்டர் சொல்லிவிட்டார்: "அவங்க அப்பா செல்லுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லம்மா. பழைய மஜ்ஜையை அழிக்கக் கொடுத்த மருந்து, ரத்தம் ஏத்தி ஏத்திக் கல்லீரல்ல படிஞ்ச இரும்பு, அந்த ரெண்டும் செஞ்ச வேலை. அதை அவர்கிட்டச் சொல்லிடுங்க, பாவம், கவலைப்படுவாரு." சோறு இறங்கவில்லை என்று நீங்கள் எழுதினதைப் படித்தேன். கொஞ்சம் துடிக்கட்டும் என்று விட்டுவிட்டேன். பதினேழாம் தேதி எல்லாவற்றையும் ஒத்துக்கொண்டு எழுதினேனே, அப்போதும் இதை எழுதவில்லை.

நீங்கள் இரண்டு நாள் வைத்திருந்தீர்கள். நான் ஏழு நாள் வைத்திருந்தேன்.

பூஜ்யமாக இருந்த வெள்ளை அணு இன்று முந்நூறு. பாப்பா உடம்பில் உங்கள் செல்கள் பிடித்துக்கொண்டு வளர ஆரம்பித்துவிட்டன. சாப்பிடுங்கள்.

கொப்புளம் முழுசாகக் காய்ந்ததை டாக்டரிடம் காட்டிச் சீட்டு வாங்கிக்கொண்டு வாருங்கள். சீட்டு இல்லாமல் வந்தால் வாசலிலேயே கத்துவேன். மேடையில் நம்பர் வருமா என்று பாப்பா கேட்டதற்கும் நீங்கள் இன்னும் பதில் சொல்லவில்லை. வராது என்று நானே சொல்லிவிட்டேன். "அப்பாவும் நானும் ஏறினா?" என்றாள். கணக்குப் போட்டேன். வரும்.

— அம்மா